கிளாவரையில் என் பக்கம் ஏன் திறக்கவில்லை?

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்களுக்காகப் போன மாதம் இங்கே ஒரு நீளமான பதிவு போட்டிருந்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு அன்னதானம், எங்கே கால் கழுவத் தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் ஜாக்கிரதை என்று எழுதி, கூடவே பதினோரு படங்களும் சேர்த்திருந்தேன். அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது.

"அக்கா, எங்க ஊர்ல உங்க முதல் படத்துல கோபுரக் கலசம் மட்டும் தெரியுது. முக்கால் மணி நேரமாச்சு, மீதிக் கோபுரம் வரல. ஆனா சிக்னல் நாலு கட்டம் முழுசா இருக்கு. இப்படிக்கு, மலர்க்கொடி, கிளாவரை."

கிளாவரை, கொடைக்கானலுக்கும் அப்பால் உள்ள ஒரு மலையூர். மூன்று தரம் படித்தேன். சிக்னல் இல்லாத ஊரில் பக்கம் திறக்காவிட்டால் அது நியாயம். முழு சிக்னல் இருந்தும் ஏன் திறக்கவில்லை? நான் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம் போனவள். மகன் சென்னைக்கு வேலைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், தப்புத் தப்பாக அழுத்தித்தான் இந்த எழுத்து வேலையைக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகனுக்குப் போன் போட்டேன். "அது பேக்ஹால் பிரச்சினைம்மா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிட்டான். பேக்ஹால் என்றால் என்ன என்று யாரைக் கேட்பது?

மலர்க்கொடிக்கே என் போன் நம்பரோடு பதில் எழுதினேன். அவள் போனில் கூப்பிட்டாள். பேசிய பிறகுதான், அவளுக்கு இது படம் தெரியாத விஷயம் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. கிளாவரையில் அரசாங்கச் சேவை மையம் ஒன்று ஒரு வருஷமாக அவள் பொறுப்பில் நடக்கிறது. சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பட்டா மனு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நெட் வழியாக அனுப்ப வேண்டும். பாதி நாள் அனுப்ப முடிவதில்லை. பிப்ரவரி மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார்கள். அவர்கள் கண்முன்னே பன்னிரண்டு மனுக்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மையம் மன்னவனூருக்கு மாறிவிடும். அப்புறம் கிளாவரைக் கிழவர்கள் ஒரு கைநாட்டு வைக்க பஸ் பிடித்துப் போக வேண்டும், அவள் மறுபடி கேரட் கழுவப் போக வேண்டும். இதைச் சரிசெய்ய, டவரில் டிஷ் மாதிரி ஒரு புதுத் தட்டு மாட்ட முந்தின நாள் வியாழக்கிழமை ஆள் வருகிறார்களாம்.

நான் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்கக்கா, எங்க வீட்லயே தங்கிக்கலாம்" என்றாள்.

வீட்டுக்காரர் சிரித்தார். "பக்கம் தெறக்கலைன்னு மலையேறுற மொத ஆளு நீயாத்தான் இருப்ப." ஆனால் தடுக்கவில்லை. நான்கு நாளைக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பழனி மலை அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

பழனி பஸ் ஸ்டாண்டில் காலை 6.40க்குக் கொடைக்கானல் பஸ். தூரம் 64 கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். கைப்பையில் ஆயக்குடிக் கொய்யா இரண்டு கிலோ. வெறும் கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பழக்கம். வலது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள், ஏற ஏற பழனி மலையும் சுற்றியுள்ள குளங்களும் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரித் தெரியும். வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன் சீட்டுக்காரர் வைத்துக்கொள்ளாததால் நான் சொல்கிறேன்.

9.50க்குக் கொடைக்கானல். அன்று ராத்திரி அட்டுவம்பட்டியில் என் நாத்தனார் வீட்டில் தங்கினேன். மறுநாள் புதன்கிழமை காலை 8.15க்குக் கிளாவரை பஸ். சுமார் 45 கிலோமீட்டர், 19 ரூபாய், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ரோட்டையும், நடுவே நின்று நம்மைப் பார்க்கிற காட்டுமாட்டையும் கேளுங்கள்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கிளாவரையில் யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். அங்கே நெட் மெதுவாக இருக்கிறதாம், அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். என்னுடைய மஞ்சள் பையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "கம்பெனில இப்பல்லாம் அம்மாமார்களையும் அனுப்புறாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டிரைவரிடம் போய்ச் சொன்னார். அதற்கப்புறம் வழி நெடுக இருவரும் எனக்கு ஊர் காட்டினார்கள்.

பூம்பாறையில் பத்து நிமிஷம் டீக்கு நின்றது. மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் கீழே படிப்படியாகப் பூண்டு வயல், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். இறங்கிப் போக நேரமில்லை. வருகிற வழியில் வருகிறேனப்பா என்று பஸ்ஸிலிருந்தே கும்பிட்டேன். மன்னவனூர் தாண்டியதும் கண்டக்டர் ஒரு மேட்டைக் காட்டி, "அந்தா தெரியுதுல்ல டவரு, அதுதான் கிளாவரை டவரோட பேசுறது" என்றார். இரண்டு டவர் ஒன்றோடொன்று பேசும் என்று அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

11.40க்கு இறங்கினேன். மலர்க்கொடிக்கு இருபத்தாறு வயது இருக்கும். சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அவள் அம்மா பாக்கியம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் கப்பலேறி இங்கே வந்து, தோட்ட வேலையே பார்த்தவர். "வாங்க தங்கச்சி, மொதல்ல தேத்தண்ணி குடிங்க, கை சில்லிட்டிருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொய்யாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

மையம் என்பது பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், கம்ப்யூட்டரில் செருகிய டேட்டா கார்டு. சுவரில் காலண்டர். காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் மேலே "போச்சு" அல்லது "போகல" என்று எழுதியிருந்தாள். "போகல" தான் அதிகம். என் பதிவைத் திறந்து காட்டினாள். கலசம் வந்தது. கலசத்தோடு நின்றது. ஜன்னலுக்கு வெளியே நூறடி தள்ளி டவர் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா என்று எனக்கே அதன்மேல் கோபம் வந்தது.

வியாழக்கிழமை காலை 9 மணிக்கு ஜீப் வந்தது. இருவர். சேகர் என்பவர் தொழில்நுட்ப ஆள், திண்டுக்கல்காரர், முப்பது சொச்சம். அந்தோணி என்பவர் டவர் ஏறுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். சேகரிடம் எனக்கு இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். என் போனுக்கும் இந்த டவருக்கும் நடுவே உள்ள சிக்னலைத்தான் அந்த நாலு கட்டம் காட்டுகிறது. டவரிலிருந்து மேற்கொண்டு கொடைக்கானல் வரைக்கும் போகிற வழியை அது காட்டாது. அந்த வழிதான் பேக்ஹால். இங்கே அது வயர் இல்லை. மண் சரிவும் காட்டுமாடும் இருக்கிற இடத்தில் வயர் இழுத்தால் கட்டுப்படியாகாது. டவரில் ஒரு வட்டத் தட்டு, பதினோரு கிலோமீட்டர் தள்ளி மன்னவனூர் மேட்டில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு காற்றிலேயே பேசும். பழைய தட்டு பேச்சுக்கு மட்டும் என்று போட்ட காலத்தது. இப்போது எல்லார் கையிலும் நெட். வழி பத்தவில்லை.

எனக்கு உடனே, மலைக்கோயிலுக்கு ஆட்களைக் கம்பியில் இழுத்து ஏற்றுகிற எங்கள் ஊர் விஞ்ச் ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்கு அடிவாரத்தில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும். பஸ்ஸுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மேலே ஏற்றிக்கொண்டு போகிற பெட்டி சின்னது. கீழே வரிசை நாலு மணி நேரம் நிற்கும். இதைச் சொன்னதும் சேகர் சிரித்து, "அக்கா, இதையே நான் எங்க ஆபீஸ்ல படம் போட்டு ஒரு மணி நேரம் சொன்னேன்" என்றார்.

புதுத் தட்டு அண்டா மூடி அகலம் இருந்தது. அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக் குழாயில் மாட்டவே பதினொன்றரை ஆகிவிட்டது. அதை மாட்ட ஏறுவதற்கு முன் அந்தோணி டவரின் காலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் முருகா என்றேன். இரண்டு சாமி துணையோடு ஏறினார்.

அடுத்தது தட்டைத் திருப்பி அந்த மேட்டுத் தட்டுக்கு நேராக நிறுத்துவது. கண்ணுக்குத் தெரியாது, அன்றைக்கு மூட்டம் வேறு. தட்டின் பின்னால் ஒரு மீட்டர் செருகியிருக்கும். திருகாணியைக் கால் சுற்று சுற்ற வேண்டும், மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் கூடினால் நல்லது. ஏறிக்கொண்டே போய் இறங்க ஆரம்பித்தால், உச்சியைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். திரும்பி வந்து உச்சியில் முடுக்க வேண்டும். அந்தோணி மேலிருந்து எண்ணைக் கத்துவார். சேகர் ஒரு காதில் போனை வைத்து மன்னவனூர் மேட்டுத் தட்டிடம் நிற்கிற அவர்கள் ஆட்களோடு பேசிக்கொண்டே, இன்னொரு காதால் இவரைக் கேட்பார். எழுதக் கை இல்லை. நான் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா, புண்ணியமாப் போகும்."

நான் எதை எழுதினாலும் மணியோடு எழுதுவேன். அடித்தல் திருத்தல் வைக்க மாட்டேன். தப்பாக இருந்தால் பக்கத்தில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 12.05க்குத் திருகாணியைத் தளர்த்தியதும் கேரளப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வீசியது. தட்டு தானாகக் கொஞ்சம் திரும்பியது. அந்தோணி தாவிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு புள்ளி ஒண்ணு" என்று கத்தினார். பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே இழுத்துவைத்தார். சேகர் அப்போது போனில் இருந்தார். நான் எழுதியதைக் காட்டினேன். "அது கணக்கில்லக்கா, அடிச்சிருங்க" என்றார். நான் அடிக்கவில்லை. 2.1, காற்றில் தட்டு திரும்பியபோது, என்று குறிப்பு போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் முறையாகச் சுற்றினார்கள். 0.8, 1.0, 1.2, 1.4, 1.5, 1.4, 1.2. இறங்கிவிட்டது. திரும்பி வந்து 1.5இல் முடுக்கினார்கள். மேட்டு ஆட்களும் அவர்கள் பக்கத்தைச் சரிசெய்தார்கள். சேகரிடம் இருந்த காகிதத்தில் 2.5 வர வேண்டும் என்று போட்டிருந்தது. நடுவே சோலை மரம் உயர்ந்துவிட்டது போல, அதனால் குறைகிறது என்றார். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் 4.30க்குப் போக்குவரத்தைப் புதுத் தட்டுக்கு மாற்றினார்கள். மலர்க்கொடி சோதனைக்காக மனுக்களை அனுப்பிப் பார்த்தாள். முதல் மனு நாலு நிமிஷத்தில் போனது. எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. பனிமூட்டம் இறங்கியதும் அடியோடு அறுந்தது. 5.40க்குப் பழைய தட்டுக்கே திருப்பிவிட்டார்கள். மரத்தை அளக்க அடுத்த மாதம் வேறு ஆட்கள் வர வேண்டும், விடியற்காலையில் நாங்கள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று சேகர் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

மலர்க்கொடி பேனாவை எடுத்தாள். காலண்டரில் அன்றைய தேதிக்கு மேலே "போகல" என்று எழுதினாள். பாக்கியம் அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "கேரட் கழுவுறதும் வேலைதான் மகளே, நான் கழுவலயா" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். நான் என்னவோ கண்டுபிடிக்கப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். எழுதியதை ஒரு தரம் வாசிப்பது பழக்கம். கண்ணில் அந்த 2.1 பட்டது.

"தம்பி, ஒன்றரைதான் உச்சின்னா, இந்த ரெண்டு புள்ளி ஒண்ணு எப்படி வந்துச்சு?"

"அதான் சொன்னேனேக்கா, காத்துல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

அந்தோணி சுவரோரம் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "ஏலே சேகரு, காத்து தட்டத்தானப்பா தள்ளும். மீட்டரையா தள்ளும்?"

சேகர் என் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயம் சொன்னார். டார்ச்சைச் சுவரில் அடித்தால் நடுவே பளீரென்று வெளிச்சம். அதைச் சுற்றி ஒரு இருட்டு வளையம். அதற்கும் வெளியே மங்கலாக இன்னொரு வெளிச்ச வளையம். தட்டும் அப்படித்தான். மங்கலான வளையத்திலும் எண் ஏறும், இறங்கும், உச்சி மாதிரியே ஏமாற்றும். அதனால் ஒரு உச்சி கிடைத்ததும் நிற்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுசாகத் திருப்பிப் பார்ப்பதுதான் முறை. மூட்டத்திலும் அவசரத்திலும் அவர்கள் ஒரு பக்கத்திலிருந்து வந்து முதல் ஏற்றத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"முழுசாத் திருப்பிப் பார்க்கலாம்ல?" என்று வாசலிலிருந்து மலர்க்கொடி கேட்டாள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை.

இருட்டிவிட்டது, இருட்டில் டவர் ஏறக் கூடாது. ஆனால் அது மட்டும் தயக்கமில்லை. முடுக்கி முடித்த வேலை என்று மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. மன்னவனூர் முனையை அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள், அதைத் தொட வேண்டியதில்லை. இந்த முனையை மறுபடி தளர்த்தி, இப்போது கிடைத்திருப்பதும் தொலைந்து போனால்? "இருக்குற ஒன்றரையும் போச்சுன்னா என் சோலி முடிஞ்சுச்சுக்கா" என்றார் சேகர். அந்தோணி, "இப்ப நிக்கிற எடத்துல ஒரு கோடு போட்டுக்குவோம். தொலஞ்சா அங்கயே திரும்பி வந்திரலாம்" என்றார். குழாய் பனியில் நனைந்து கிடக்கும், அதில் எந்தப் பேனா எழுதும்? மலர்க்கொடி உள்ளே போய்ச் சிவப்பு நகப்பாலிஷ் சீசாவை எடுத்து வந்து அந்தோணி கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "வீட்ல கேட்டா நீதான்மா சாட்சி" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சேகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் அடுத்த ஊருக்குத் தாமதமாகத்தான் வருவோம் என்று போன் செய்தார்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்தோம். 6.20. வயல் முழுக்க உறைபனி, உப்புக் கொட்டின மாதிரி. வானம் பளிச்சென்று இருந்தது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். டவர் இரும்பு அவ்வளவு சில்லிட்டிருந்ததில், பாதியில் நின்று கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு ஏறினார். நகப்பாலிஷ் கோடு போட்டார். தளர்த்தினார்.

1.5. 1.3. 1.0. 0.7. சேகர் என் நோட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 0.5. மலர்க்கொடி என் முழங்கையைப் பிடித்தாள். மேலிருந்து, "நிறுத்தவா?" என்று கேட்டது. "நிறுத்தாதீங்கண்ணே, போங்க" என்றார் சேகர். 0.5. 0.9. 1.4. நான் எழுதுகிற எழுத்து கோணலாகப் போயிருப்பதை இப்போது பார்த்தாலும் தெரிகிறது. 1.9. 2.2. 2.4. 2.3. திரும்பி வந்தார். 2.4. மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசைத்தார். 2.5.

காகிதத்தில் போட்டிருந்த அதே எண். ஒரு சோலை மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. சேகர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தோணி மேலிருந்து, "ஏலே, நகப்பாலிஷைத் தொடச்சிரவா, இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

அதிகாரி அம்மா 11.50க்கு ஜீப்பில் வந்தார்கள். சிரிக்காத முகம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஆரம்பி என்றார்கள். முதல் மனு ஒரு நிமிஷத்துக்குள். இரண்டாவதும் அப்படியே. பன்னிரண்டும் போய்ச் சேரப் பதினாறு நிமிஷம். அதிகாரி அம்மா கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே கேட்டார்கள்.

"தினமும் இப்படித்தான் போகுதா?"

மலர்க்கொடி காலண்டரைப் பார்த்தாள். அதைச் சுவரிலிருந்து முன்கூட்டியே கழற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "இல்ல மேடம். இன்னைக்குத்தான் மொத நாள்."

அதிகாரி அம்மா காலண்டர் பக்கம் போய் எல்லாப் "போகல"வையும் படித்தார்கள். ஜனவரியையும் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து எழுதினார்கள். மையம் மூன்று மாதம் இங்கேயே நடக்கட்டும், மூன்று மாதக் காலண்டரையும் கொண்டு வந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் ஜீப் திரும்பியதும் மலர்க்கொடி அன்றைய தேதிக்கு மேலே "போச்சு" என்று எழுதினாள். அப்புறம் என் பதிவைத் திறந்தாள். கலசம் வந்தது, கோபுரம் வந்தது, மலை வந்தது, படி வந்தது, படியில் காவடி தூக்கினவர்கள் வந்தார்கள். பாக்கியம் அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வந்த காரியம் அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் திரும்பினேன். சொன்னபடி பூம்பாறையில் இறங்கிக் குழந்தை வேலப்பரைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சாமிக்கு முன்னால் நின்றபோது என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அந்த 0.5இல் நிறுத்தாமல் இருந்ததற்கு நன்றி என்று சொன்னேன். இறங்குமுகமாகப் போகிறபோது கையை எடுத்துவிடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கீழே நின்று எழுதினவளுக்கே தெரிந்தது, மேலே நின்றவருக்குக் கேட்கவா வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிளாவரையில் லாட்ஜ் கிடையாது. தெரிந்தவர்கள் இருந்தால் தங்குங்கள், இல்லாவிட்டால் கொடைக்கானலிலிருந்து போய் அன்றே திரும்புங்கள். கடைசி பஸ் 3.30 என்று சொன்னார்கள், ஆனால் கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் விடியற்காலைக் குளிர் சாதாரண சால்வைக்கு அடங்காது, காதுக்குத் துணி அவசியம். எனக்குப் பஸ், டீ, கோயில், கொய்யா எல்லாம் சேர்த்து ஐந்து நாளில் 214 ரூபாய் ஆனது. கொடைக்கானல் தாண்டினால் பிளாஸ்டிக் பையைத் தூக்கி எறியாதீர்கள், காட்டுமாடு தின்கிறது.

நேற்று மலர்க்கொடியிடமிருந்து பின்னூட்டம் வந்திருந்தது. "அக்கா, பத்து நாளா எல்லா மனுவும் போகுது. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மறுபடி மெதுவாயிருது. புதுத் தட்டு வந்ததக் கேள்விப்பட்டு ஊர்ல பதினாலு பேர் போன்ல நெட் போட்டுட்டாங்க. சேகர் அண்ணங்கிட்ட சொன்னேன். உங்க பழனி விஞ்ச் கதையச் சொல்லிச் சிரிக்கிறாரு." பெட்டியைப் பெரிதாக்கினால் வரிசையும் நீளும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா.

அதனால் கடைசியாக ஒன்று. கிளாவரைக்குப் போனால் படம் எடுங்கள், ஆசை தீர எடுங்கள். ஆனால் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் அங்கிருந்தே அதை அனுப்பாதீர்கள். கொடைக்கானல் வந்து அனுப்பிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மலர்க்கொடி யாராவது ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய மனு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.